கோர்வைக்கு ஆள்

சென்னை விமான நிலையத்தில் சோதனை வாசலை அப்பா தாண்டியதும் அது கீச்சென்று கத்தியது. திரும்பிப் போகச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வந்தார், கத்தியது. திருநீற்று டப்பாவை எடுத்து வைத்துவிட்டு வந்தார், அப்போதும் கத்தியது. பின்னால் நின்ற வரிசை முழுக்க எங்களையே பார்த்தது. கடைசியில் சீருடைக்காரர் வேட்டி மடிப்பைத் தடவி, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த குட்டிக் கத்தரியை வெளியே எடுத்தார். தறியில் இழை அறுந்தால் நறுக்குவதற்காக அப்பா இடுப்பிலேயே வைத்திருக்கும் கத்தரி. குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார்.

"நான் தலப்பாடா அடிச்சிக்கினேன்!" பெண்கள் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வாணி, நேத்தே சொன்னனா இல்லியா? அத்த அவுத்து வெச்சிட்டு வரச் சொல்லுன்னு சொன்னனா இல்லியா?"

"எங்க சொன்னா? கதவ பூட்டினியா, கதவ பூட்டினியான்னுதான் உயிர வாங்கினா. இத்த சொல்லவே இல்ல." இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றபடியே அப்பா பதில் கொடுத்தார்.

"சொன்னேன்!"

"சொல்லல!"

சீருடைக்காரர் என்னைப் பார்த்தார். யாராக இருந்தாலும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள். என் தலையெழுத்து அப்படி. "தூக்கிப் போட்டுடுங்க சார்" என்றேன். அப்பா என்னை முறைத்த முறைப்பில் அன்றைக்கு விமானம் ஏறும்வரை எனக்கும் அவருக்கும் பேச்சில்லை.

எங்கள் வீட்டு லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் அப்பா கைலாசமும் அம்மா கலாவதியும் ஒரு தெரு. நானும் என் வீட்டுக்காரர் மாணிக்கவேலும் அடுத்த தெரு. எனக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் இருவரில் ஒருவர் என் வாசலில் வந்து நிற்பார். உங்கம்மா காபில சக்கரையே போடல. அவர் போனதும் அவள் வருவாள். உங்கப்பாரு ஃபேன போட உட மாட்றாரு. மாணிக்கவேல் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். பஞ்சாயத்து முழுக்க எனக்கு.

வேலை நேரத்திலாவது ஓயுமா என்றால் அதுவும் கிடையாது. இருவருக்கும் ஒரே தறி. அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதைத் தனி ஆள் நெய்ய முடியாது. அப்பா குறுக்கு நூல் ஓட்டும் நடு நாடாவை விடுவார், பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கரை நாடாவை விடுவாள், இழைக்கு இழை இரண்டும் பின்னிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பலகைதான் இடம். ஒரு இழை தப்பினால் போதும், "கண்ணு எங்க வெச்சிக்கினு இருக்க?" என்று அப்பா தொடங்குவார். அம்மா விடுவாளா? தெருவுக்கே கேட்கும்.

இந்த லட்சணத்தில் என் தம்பி சிவபாலன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். அவன் பெண்டாட்டி அபிநயா வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தை யுவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "அம்மாவ இங்க வெச்சிக்கிறேன்க்கா. நீண்ட நாள் தங்கறதுக்கு பர்மிஷன் வாங்கிடலாம். அம்மா மட்டும். ரெண்டு பேரும்னா இந்த வீடு தாங்காது, பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளைன்ட் குடுத்துடுவான்" என்றான். யுவனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, அந்தச் சாக்கில் எல்லோரும் வந்துவிடுங்கள், திரும்பும்போது அம்மா மட்டும் தங்கட்டும் என்பது திட்டம். இதை அப்பாவிடம் யார் சொல்வது? நான்.

பொய் சொல்லவில்லை, எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. காலையில் நான் ஒரு டம்ளர் காபியை நிம்மதியாகக் குடிக்கலாம். என் வயதுக்கு அது பெரிய பேராசை இல்லை.

விமானத்தில் மூன்று சீட்டு ஒரே வரிசையில் கிடைத்தது. ஜன்னல் சீட்டு யாருக்கு என்று அங்கேயே ஒரு ரகளை. அப்பா முதலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓரத்தில். நடு சீட்டு எனக்கு. இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை, ஆனாலும் பேச்சு முழுக்க என் வழியாகத்தான் போயிற்று.

"உங்கப்பாவ பெல்ட் போடச் சொல்லு."

"போட்டுக்கினுதான் இருக்கேன்னு சொல்லு."

"முறுக்கிக்கினு இருக்குது பாரு, நேரா போடச் சொல்லு."

"அவ வேலைய பாக்கச் சொல்லு."

சாப்பாடு வந்தது. தட்டில் இருந்த வெண்ணெயையும் பிஸ்கட்டையும் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அப்பா, "மானத்த வாங்கறா" என்றார். பிறகு தன் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து என் மடியில் போட்டு, "அதையும் முடிஞ்சிக்கச் சொல்லு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிற மாதிரி நடித்தால் விடுவார்களா? இருவரும் ஆளுக்கொரு பக்கத் தோளைத் தட்டினார்கள்.

சிங்கப்பூரில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரியின் மேசை. நல்லவேளை, தமிழர். அம்மாவிடம் சிரித்த முகமாக, "எத்தனை நாள் தங்கப்போறீங்க அம்மா?" என்று கேட்டார். அதற்கு அம்மா, "பாக்கலாம்" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். இப்பதான வந்துக்கினு இருக்கோம்."

பத்து நாள் சார், திரும்பிப் போகிற டிக்கெட் இருக்கிறது சார் என்று பக்கத்து மேசையிலிருந்து ஓடிப்போய்க் காட்டினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அந்த இன்னொருவர் எங்களை ஓரமாக உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்த இடத்தில் அப்பா, "கேட்டதுக்கு பதில் சொல்லத் தெரியுதா இவளுக்கு" என்று ஆரம்பித்தார். "இடுப்புல கத்தரி கட்டிக்கினு வந்தவரு பேச வந்துட்டாரு" என்றாள் அம்மா. எங்களை விட்டு அனுப்புவதற்குள் எனக்கு மண்டை வெடித்துவிட்டது.

தம்பி வீடு பன்னிரண்டாவது மாடியில். நல்ல வீடு, காற்று, வெளிச்சம், கீழே மரங்கள். யுவன் யாரிடமும் அழாமல் போகிற பிள்ளை. அம்மாவின் இடுப்பில் ஏறியவன் இறங்கவில்லை. அதைப் பார்த்து எனக்கும் மனசு குளிர்ந்தது, திட்டம் நல்ல திட்டம்தான் என்று தோன்றியது. ஆனால் அந்தக் குளிர்ச்சியெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே கூட்டிப்போனால் தீர்ந்தது.

அங்கே நகரும் படியில் இடதுபக்கம் நிற்க வேண்டும், வலதுபக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு விட வேண்டும். இதை நூறு முறை சொல்லிவிட்டேன். இவர்கள் இருவரும் ஜோடியாக ஒரே படியில் ஏறி நின்று, காலையில் குழாயை யார் மூடாமல் வந்தது என்று சண்டை போட்டார்கள். பின்னால் ஆபீஸ் போகிற கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. யாரோ ஒரு சீனத்துப் பெண் மெதுவாக என்னவோ சொன்னாள். "இன்னான்றா அந்தப் பொண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். "வழிய வுடுன்றா!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்ணே பயந்துவிட்டாள். என் மானம் கப்பலேறியது.

கண்ணாடிக் கூரை போட்ட பெரிய தோட்டத்துக்குப் போனோம். உள்ளே மலை, அருவி, குளிர். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி டிக்கெட்டா? நம்ம ஊரு கச்சபேஸ்வரர் கோயில் கொளத்தாண்ட இல்லாத காத்தா?" என்றார். "பத்து வருசமா அந்தக் கொளத்தாண்ட என்னய கூட்டிக்கினு போயிருக்காரான்னு கேளு" என்றாள் அம்மா. அருவி விழுகிற சத்தத்துக்கு மேல் இவர்கள் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அம்மாவும் அபிநயாவும் பாத்ரூம் பக்கம் போனபோது அப்பாவும் நானும் பெஞ்சில் தனியாக இருந்தோம். இதுதான் சமயம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"அப்பா, கொழந்த அம்மாகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு இல்ல? அம்மா கொஞ்ச நாளு இங்க இருந்தா..."

"போயி எவ்ளோ நேரமாவுது?" அப்பா என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "வழி தெரியாம எங்கியாச்சும் நிக்கிறாளா பாரு. போய் பாருன்றன்ல?" எழுந்து நின்று நாலா பக்கமும் கழுத்தை நீட்டினார். அம்மா வந்துகொண்டிருப்பது தெரிந்ததும் நிம்மதியாக உட்கார்ந்தார். அவள் கிட்டே வந்ததும், "எங்க போய்த் தொலஞ்ச?" என்று எரிந்து விழுந்தார். அவளும் பதிலுக்கு எரிந்து விழுந்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்ல அதற்குப் பிறகு சமயம் ஏது?

சாயங்காலம் தம்பியைக் கட்டடத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். "டேய், என்னால முடியாது. நீயே சொல்லு."

"நீ சொன்னாதான்க்கா பக்குவமா இருக்கும்."

"பக்குவம்! கெட்ட பேரு எனுக்கு, கொழந்தைய பாத்துக்க ஆளு உனுக்கா? ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சிக்கினு தெனம் சாவறது நானு. நீ வருசத்துக்கு ஒரு வாட்டி வீடியோல மூஞ்சக் காட்டிட்டு மகராசனா இருக்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்பானே, அதே நிற்பு. "பொறந்தநாள் முடிஞ்சதும் சொல்லிடலாம்க்கா" என்றான். எனக்கு அவன் காதைத் திருகலாம் போலப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறந்தநாளுக்கு அபிநயாவின் சொந்தக்காரர்கள், பழகியவர்கள் என்று வீடு நிறைந்துவிட்டது. அப்பா கொண்டுவந்த புடவையை அபிநயா கட்டியிருந்தாள். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, கரையில் சரிகையில் யானையும் அன்னமும். இந்தப் பயணத்துக்கென்றே இருவரும் உட்கார்ந்து நெய்தது. வந்த பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைப் பிடித்துப் பார்த்தார்கள். "கடையில இப்படிக் கிடைக்காது" என்றாள் அபிநயாவின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் கையால நெய்ஞ்சதுமா. இன்னிக்கி தேதிக்கு இந்தக் கோர்வைய இப்டி சேக்கறவன் எங்க தெருவுல என்ன வுட்டா ஆளு இல்ல. தடவிப் பாருங்க, சேர்த்த எடம் தெரியுதா? தெரியாது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாயசக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

தடவிப் பார்த்த ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா, "இந்த இடத்தில மட்டும் லேசா விலகினாப்பல இருக்கே" என்றாள். முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கரை கொஞ்சம் நெளிந்திருந்தது. தேடினால்தான் தெரியும்.

"அதுவா?" அப்பா சிரித்தார். "அது இவ கை. பேசிக்கினே போட்டா அப்டித்தான் வரும். அவசரக் குடுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், மடையன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். கத்தவில்லை. "நல்லா வந்ததெல்லாம் அவரு நெய்ஞ்சது, சம்பந்தியம்மா. பிசிறு மட்டும் நான் போட்டது. நாப்பது வருசமா எங்க தறியில அதுதான் கணக்கு" என்றாள். பிறகு அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள். நடுவில் நான் இல்லாமல், என் பெயரைச் சொல்லாமல். "நான் ஊருக்கு வரல. இங்கியே இருந்துக்கறேன்."

ஊதிய பலூன் ஒன்றை யுவன் கடித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டிருக்க வேண்டும், இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது முகத்தில்.

"வராம? தறியில ஏத்தின பாவுல ரெண்டு பொடவ பாக்கி இருக்குது. கோர்வைக்கு யாரு குந்துவா?"

ஐயோ அப்பா, அந்த நேரத்தில் சொல்ல அந்த ஒரு வார்த்தைதானா கிடைத்தது உனக்கு? எனக்கு அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

"அதத்தான் கேப்பீங்கன்னு எனுக்குத் தெரியும்" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பாயசம் கொடுத்தாள். அப்பாவுக்கும் கொடுத்தாள்.

விருந்தாளிகள் போனதும் சமையலறையில் அவளைப் பிடித்தேன். "அம்மா, தப்பா நெனச்சிக்காத. இது சிவா போட்ட திட்டம். உன்னய இங்க வெச்சிக்கலாம்னு அவன்தான்..."

"அவன் எங்க போட்டான்? நான்தான் அவன கேக்கச் சொன்னேன்."

அவள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். ஆடி மாசமே தம்பியிடம் பேசியிருக்கிறாள். வருகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லாதே என்று. அதிகாரியிடம் சொன்னாளே, பாக்கலாம் என்று, அது விளங்காமல் சொன்னது இல்லை.

"அப்ப என்ன எதுக்குமா நடுவுல இழுத்த? பத்து நாளா சோறு தண்ணி எறங்காம சுத்திக்கினு இருக்கேன், இத்த எப்டி அவருகிட்ட சொல்றதுன்னு!" என் குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம்.

"நான் சொன்னா சண்டையாயிடும். நீ சொன்னா சேதியாயிடும். அதான்."

"கோவமா அவரு மேல?"

"கோவம்லாம் இல்ல வாணி. கோவம் இருந்தா சண்ட போட்டுக்கினு அங்கியே இருந்துடுவேன். அலுத்துப் போச்சு."

அவள் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் மேலாவது முழுசாகக் கோபப்பட முடிந்தால் மனசு ஆறும். அதற்கும் வழி விடவில்லை இந்தக் குடும்பம்.

திரும்பி வந்த நாளில் அப்பா சத்தமே போடவில்லை. விமான நிலையத்தில் அம்மா அவருடைய மாத்திரைப் பையை என் கையில் கொடுத்தாள். அவர் யுவனின் காலைத் தொட்டுப் பார்த்தார், அம்மாவிடம் "வரேன்" என்றார், உள்ளே நடந்தார். விமானத்தில், "ஜன்னலு சீட்டுல நீ குந்துமா" என்றார். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளப்பா என்றேன், போட்டுக்கொண்டார். காபி வேண்டுமா என்றேன், உன் இஷ்டம் என்றார். மூன்றாவது சீட்டில் யாரோ ஒரு பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கினான். இத்தனை வருஷமாக நான் கேட்ட அமைதி இதுதான். நாலு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து மாசங்கள் ஓடின. காலையில் இப்போதும் அப்பா என் வாசலுக்கு வந்தார். புகார் கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பார்.

"உங்கம்மா எப்ப வராளாம்?"

"நீயே ஃபோன் பண்ணி கேளேம்பா. அது உன்னோட ஃபோனுக்குத்தான காத்துக்கினு இருக்குது."

"எனுக்கு இன்னா? சும்மாதான் கேட்டேன்." போய்விடுவார்.

சரி, நீ கேட்க மாட்டாய். அந்தப் பக்கம் அம்மாவிடம், "நீயாச்சும் ரெண்டு வார்த்த பேசேம்மா" என்பேன். "அவரு கேக்கட்டும்" என்பாள். ஆனால் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம், கதவுக்குத் தாழ் போடுகிறாரா, மோர் குடிக்கிறாரா, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நான் அங்கே சொல்லி, இங்கே சொல்லி, கடல் தாண்டியும் எனக்கு அதே வேலை. மாணிக்கவேல்கூட இப்போது குளிக்கப் போவதில்லை. "வாசல்ல சத்தமே இல்லாம ஒரு மாரி இருக்குது வாணி" என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எப்படியாவது அம்மாவை ஊருக்குத் திரும்பி வரவைத்துவிட வேண்டும் என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்கு. காபி நிம்மதியெல்லாம் போதும்.

பாவில் பாக்கியிருந்த புடவைகளை முடித்துக் கொடுக்கச் சொல்லி, பட்டு நூல் கொடுத்த முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். கோர்வைக்கு அடுத்த சந்துப் பெரியநாயகியை அப்பா கூப்பிட்டுக்கொண்டார். ஐம்பது வயசுக்காரி, அதிகம் பேச மாட்டாள். தறி ஓட ஆரம்பித்தது.

பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவே வீடியோவில் வந்தாள். யுவனைத் தூங்க வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"வாணி, உத்திரத்துக்கு வந்துடட்டுமா?"

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நெஜமாவாம்மா?"

"அபிநயாவோட அம்மா கொஞ்ச நாளு கொழந்தைய பாத்துக்கறேன்றாங்க. யோசிச்சிப் பாத்தேன். அவரு கூப்புடுவாரு, கூப்புடுவாருன்னு நானும் குந்திக்கினு இருக்கேன். கூப்புட மாட்டாரு. அந்த மனுசனுக்கு நல்ல வார்த்த வாயில வராது. பொறவியே அப்டி. கைகால் வெளங்காதவன ஓடச் சொன்னா ஓடுவானா? அதுக்குப் போயி நான் வீம்பு புடிச்சா யாருக்கு நட்டம். நானே வந்துடறேன்."

"இரும்மா, இரு! இத்த நீயே அவருகிட்ட சொல்லு. மூஞ்சப் பாத்து சொல்லு. இந்த வாட்டி நான் சொல்ல மாட்டேன்!" அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. போனைக் கையில் பிடித்தபடி செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். "மெதுவாடி, வுழுந்து கிழுந்து வெக்காத" என்று அம்மா கைக்குள்ளிருந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

உள்ளே தறிச் சத்தம். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பலகையில் பெரியநாயகி. அப்பா திரும்புவார், அப்போது முகத்துக்கு நேராகக் காட்டலாம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

தறி சட்டென்று நின்றது.

"ஐயோ அண்ணா, தப்பு பண்ணிட்டேன். நாலஞ்சி எழ முன்னாடியே தப்பிடுச்சி போல, பாக்காம போட்டுக்கினே வந்துட்டேன்." பெரியநாயகி பதறினாள்.

"பரவால்லமா" என்றார் அப்பா.

தூக்கிப் பிடித்த போனை நான் இறக்கவில்லை.

"பரவால்ல, தப்பு வரத்தான் செய்யும். மனுசங்கதான? நீ பதறாத. நான் பிரிச்சிக்கறேன். காலையிலருந்து போட்டுக்கினு இருக்க, தோளு வலிக்கப் போவுது, செத்த நேரம் கைய நீட்டிக்கினு குந்து. உன் கை நல்ல கைமா. நீ இல்லன்னா இந்தப் பொடவ ஏது?"

நான் போனைத் திருப்பினேன். அம்மா திரையில் அசையாமல் இருந்தாள். கண் மட்டும் எங்கேயோ போயிருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"வாணி... அவருக்கு வருமா?"

"அம்மா..."

"இப்டிலாம் பேச வருமா அவருக்கு?"

எத்தனையோ சேதியை அங்கேயும் இங்கேயும் சுமந்தவள் நான், இதையும் என்னைத்தான் கேட்டாள். அப்பாவின் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொங்கியது.

"டிக்கெட் போடாதமா" என்றாள். திரை இருண்டுவிட்டது.

போன் துண்டித்த சத்தத்துக்கு அப்பா திரும்பினார். என் கையில் போனைப் பார்த்ததும் முகம் மாறியது, தறியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். "உங்கம்மாவா? இன்னா சொல்றா? வராளாமா?"

"நீ பேசினத கேட்டுக்கினு இருந்துச்சிப்பா."

அப்பா பெரியநாயகியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் இன்னிக்கி யாரையும் ஒரு வார்த்த திட்டலியேம்மா" என்றார்.